ஆற்றுப்படுத்துவோரை ஆற்றுவது யார்?

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் தவளக்குப்பம் சந்திப்பில் இறங்கி மேற்கே திரும்பினால் அபிஷேகப்பாக்கம் வரும். பதினாறு கைகள் கொண்ட சிங்கிரிகுடி நரசிம்மரைத் தரிசிக்கச் செல்வோர் நன்கறிந்த ஊர். அப்படிச் செல்வோரில் மனக்கலக்கம் தீர வேண்டிக்கொள்வோரும் உண்டு. அந்த ஊரில், தெருவைப் பார்த்த ஒரு வீட்டின் முன்னறையில், எங்கள் வாசகர் வட்டத்தைச் சேர்ந்த தோழி ஒருவர் மூன்றாண்டுகளுக்கு முன் மனநல ஆலோசனைக்கென்று ஓர் அறையைத் திறந்தார். உளவியலில் முறையாகப் பயின்றவர். மருத்துவமனை ஒன்றில் ஆறாண்டுகள் மாதச் சம்பளத்தில் பணியாற்றியவர். அபிஷேகப்பாக்கம் அவர் வாழ்க்கைப்பட்டு வந்த ஊர்.

அறையைத் திறப்பதற்கு முன் எங்களிடம் அவர் ஒரு கேள்வி கேட்டார்: "தொழில் வளர நான் என்ன செய்யணும்?" ஆளுக்கொன்று சொன்னோம். பலகை பெரிதாக இருக்கட்டும் என்றார் ஒருவர். பள்ளிகளுக்குச் சென்று இலவசமாக உரையாற்றுங்கள், பெயர் பரவும் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் சுயமுன்னேற்ற நூல்கள் இரண்டை வாங்கிப் பரிசளித்தார். ஓராண்டு கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் முடிவில், தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்தபடி, அவர் கேள்வியை மாற்றிக் கேட்டார்: "தொழில் வளருது. நான் வளரலையே, என்ன செய்யட்டும்?"

அந்த இரண்டாம் கேள்விக்கு நாங்கள் தேடிய விடைதான் இக்கட்டுரை. அவருடைய ஒப்புதலோடு எழுதுகிறோம். தம்மிடம் வந்தவர்களைப் பற்றி அவர் எங்களிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. சொன்னதெல்லாம் தம்மைப் பற்றியே.

ஒருவர் தம் தொழிலுக்காகத் தம்மைப் பக்குவப்படுத்திக்கொள்வது அவருடைய சொந்த விவகாரம். அதில் நமக்கென்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். சில எண்களைப் பார்த்தால் அக்கேள்வி எழாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2015ஆம் ஆண்டுக் கணக்குப்படி, ஒரு லட்சம் பேருக்கு நாட்டின் தற்கொலை விகிதம் 10.6, புதுச்சேரியில் அது 43.2. அந்த ஆண்டில் நாட்டிலேயே மிக அதிகமான விகிதம் அதுதான். 2022ஆம் ஆண்டுக் கணக்கில் புதுச்சேரியின் எண் 29.7 ஆகக் குறைந்திருந்தது. ஆயினும் நாட்டின் விகிதமான 12.4ஐப் போல இரு மடங்குக்கும் மேல். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வோ, மனநலச் சிக்கல் உடையோரில், நோய்க்கு நோய் வேறுபட்டாலும், 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை எதையும் பெறாமல் இருக்கிறார்கள் என்றது.

இவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால், அபிஷேகப்பாக்கம் போன்ற ஊரில் திறக்கப்படும் ஓர் அறையின் கனம் புரியும். அங்கே வருகிறவருக்கு அது முதல் கதவு. அந்த முதல் கதவில் ஏமாந்தவர் இரண்டாம் கதவைத் தேடிப் புதுவைக்குப் பேருந்து ஏறமாட்டார். "போய்ப் பாத்தாச்சு, ஒண்ணும் ஆவல" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் முடங்கிவிடுவார். அவர் சொல்வதைக் கேட்கும் நான்கு பேரும் வரமாட்டார்கள். கிராமத்தில் ஓர் ஆலோசகரின் குறை அவரோடு நின்றுவிடுவதில்லை. அத்துறையின் மீதே ஊர் வழங்கும் தீர்ப்பாகிவிடுகிறது.

சட்டம் இதைப் பார்த்துக்கொள்ளாதா என்றால், ஓரளவுக்கே பார்க்கும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநல வல்லுநர் யார் யார் என்பதை வரையறுத்தது. 2021ஆம் ஆண்டில் வந்த துணைநிலை மருத்துவப் பணியாளர்களுக்கான சட்டம், உளவியல் ஆலோசகர் போன்றோரையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. இவையெல்லாம் தேவையானவை. ஆயினும் சட்டத்தால் ஒருவரின் பட்டத்தைச் சரிபார்க்க முடியும். எதிரில் ஒருவர் அழும்போது அந்தப் பட்டதாரியின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சரிபார்க்க முடியாது. அந்த இடத்திற்கு அவர் மட்டுமே பொறுப்பு.

தமிழில் இத்தொழிலுக்கு வழங்கும் சொற்களுள் ஒன்று ஆற்றுப்படுத்தல். ஈழத்தில் உளவளத்துணை என்பார்கள். அதுவும் நல்ல சொல்லே. ஆனால் ஆற்றுப்படுத்தல் என்ற சொல்லுக்குப் பின்னால் ஓர் இலக்கிய மரபே நிற்கிறது. வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கலைஞனைக் கண்டு, தான் போய்வந்த வழியைச் சொல்லி அவனையும் அவ்வழியில் செலுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படைகள்தாம். அவற்றுள் சிறுபாணாற்றுப்படை நம் பக்கத்துப் பாட்டு எனலாம். அதன் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாடு புதுவைக்கு வடக்கே இருந்தது. அதில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பது அறிஞர் கருத்து.

அந்தப் பாட்டில் நம்மை எப்போதும் நிறுத்திவைக்கும் இடம் ஒன்றுண்டு. வழி சொல்லும் பாணன், தான் பெற்ற செல்வத்தை மட்டும் சொல்லவில்லை. நேற்றுவரை தன் வீடு எப்படி இருந்தது என்பதையும் சொல்கிறான். உப்புக்கும் வழியில்லாமல் வேகவைத்த வேளைக்கீரையை, பிறர் பார்த்தால் பேசுவார்களே என்ற நாணத்தால் வாயிற்கதவை அடைத்துக்கொண்டு தன் சுற்றத்தோடு உண்ட நிலையை அவன் மறைக்கவில்லை. வழிகாட்டும் தகுதி அவனுக்கு எங்கிருந்து வந்தது? அந்த வழியில் தானே நடந்தான். அடைத்த கதவுக்குப் பின்னால் தானே அமர்ந்திருந்தான். அதை மறக்கவும் இல்லை.

இதைத் தவறாகப் புரிந்துகொள்ளவும் கூடாது. குடியால் சிதைந்தவருக்கு உதவ ஆலோசகரும் குடித்திருக்க வேண்டும் என்பதில்லை. தன் கதையை வந்தவரிடம் விரித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் இல்லை. அது வந்தவரின் நேரத்தைத் திருடுவது. நாம் சொல்வது வேறு. எதிர் நாற்காலியில் ஒருமுறையேனும் அமர்ந்து, நாணத்தோடு வாய் திறந்து, இன்னொருவர் முன் தன்னைக் கேள்விக்கு உட்படுத்திக்கொள்ளாத ஒருவர், அந்த நாற்காலிக்கு வருகிறவரை எப்படி வரவேற்பார்? அவர் சொல்லும் வழி படித்த வழி; நடந்த வழி அன்று.

இனி, அந்த முன்னறை எங்கள் தோழிக்கு என்ன செய்தது என்று பார்ப்போம்.

முதலில் செருப்பு. கிராமத்து வீட்டு வாசலில் கழற்றிவிடப்பட்ட செருப்பு ஓர் அறிவிப்பு. யார் வீட்டுச் செருப்பு, எவ்வளவு நேரம் கிடந்தது என்று தெரு கணக்கெடுக்கும். வருகிறவர்களைச் செருப்போடு உள்ளே வரச் சொல்வதென்று அவர் முடிவு செய்தபோது மாமியார் இரண்டு நாள் பேசவில்லை. மருத்துவமனையில் நீண்ட நடைவழியும் பொதுவான காத்திருப்புக் கூடமும் நோயாளியின் அந்தரங்கத்தை ஓரளவு காப்பாற்றின. இங்கே அதைத் தம் குடும்பத்தோடு பேசி, சங்கடப்பட்டு, அவரே காக்க வேண்டியிருந்தது. அடைத்த கதவுக்குப் பின் கீரை உண்டவளின் நாணம் இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகும் அதே தெருவில்தான் இருக்கிறது.

அடுத்தது உறவுமுறை. வந்த பெண்களெல்லாம் அவரை 'அக்கா' என்றார்கள்; மூத்தவர்கள் 'பொண்ணு' என்றும் 'மருமவளே' என்றும் அழைத்தார்கள். தொழில்முறை எல்லை குறித்து மேலைநாட்டுப் பாடநூல்கள் சொல்வதை வைத்து இதை மறுக்கலாம். ஆனால் அக்கா என்று அழைக்காதே என்று சொன்ன நொடியில் வந்தவர் எழுந்து போய்விடுவார். ஏற்றுக்கொண்டாலோ, அந்தச் சொல் தன் உரிமைகளோடு வருகிறது. அக்கா என்றால் புத்தி சொல்ல வேண்டும், வீட்டு விசேஷத்துக்கு வரவேண்டும், கணவனைக் கூப்பிட்டுக் கண்டிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அக்கா காசு வாங்கக் கூடாது.

அதனால் மூன்றாவது சிக்கல், கட்டணம். தொகையை ஓர் அட்டையில் எழுதி மேசைமீது வைத்திருந்தார். யாராவது வரும் சத்தம் கேட்டதும் அதைக் கவிழ்த்து வைத்துவிடுவாராம். பல மாதங்கள் இப்படியே போயின. கேட்காத பணம் மறந்துபோன பணமாகிவிடவில்லை. உள்ளே வட்டியோடு சேர்ந்தது. நேரத்தை நீட்டிக்கொண்டே போனார், தன் ஈகையைத் தானே வியந்தார், பிறகு அதே மனிதர்கள்மீது காரணமில்லாத சலிப்புக் கொண்டார்.

நான்காவதுதான் அவரை எங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவைத்தது. ஒருநாள் மாலை, தவறாமல் வந்துகொண்டிருந்த ஒருவர் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. தோழிக்கு முதலில் வருத்தம் வந்தது. வருத்தத்தின் அடியில் கோபம் இருந்தது. கோபத்துக்கும் அடியில் பயம்: நான் அவருக்கு வேண்டாதவளாகிவிட்டேனோ? "அவங்க நல்லாயிட்டாங்களோன்னு ஒரு நிமிஷம்கூட எனக்குத் தோணல. அதுதான் என்னைப் பயமுறுத்துச்சு" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தில்தான் முழுச் சிக்கலும் அடங்கியிருக்கிறது என்பது எங்கள் துணிபு. மாதச் சம்பளம் வாங்கும் ஆலோசகரிடம் ஒருவர் நலமடைந்து விடைபெற்றால் அவருக்கு இழப்பேதும் இல்லை. தனித்தொழில் செய்பவருக்கோ அந்த விடைபெறல், மாத வருமானத்தில் ஒரு துண்டு. எவருடைய நலத்துக்காக உழைக்கிறாரோ அவர் நலமடைவதே தன் பிழைப்புக்கு நட்டம். தையற்காரருக்கும் வழக்கறிஞருக்கும் இந்த முரண் ஓரளவு உண்டெனினும், மனத்தைக் கையாளும் தொழிலில் அது கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்கிறது. 'இன்னும் சில அமர்வுகள் தேவை' என்ற முடிவை எடுத்தது அறிவா, அச்சமா என்று அவருக்கே தெரியாது. ஆகவே தொழிலை வளர்ப்பதும் தான் வளர்வதும் ஒரே திசையில் தாமாகச் செல்லும் என்று நம்புவது பிழை. நாங்கள் பரிசளித்த சுயமுன்னேற்ற நூல்கள் அந்த நம்பிக்கையின்மீதுதான் நின்றன. தன்னம்பிக்கையைப் பெருக்கு, கூட்டம் பெருகும் என்றன அவை. இவருக்குத் தேவைப்பட்டதோ தன்னைச் சந்தேகிக்கும் ஆற்றல், அதையும் நொறுங்கிப்போகாமல் சந்தேகிக்கும் ஆற்றல்.

அதைத் தனியாகப் பெற முடியுமா? இங்கே கல்கத்தாவின் கிரீந்திரசேகர போஸ் நினைவுக்கு வருகிறார். மருத்துவராகத் தனித்தொழில் செய்துகொண்டே, இந்தியாவில் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்தவர். 1922இல் பார்சிபகான் சந்திலிருந்த தம் வீட்டில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். சங்கத்தில் சேர்ந்தவர்கள் பலரும் அவரிடம் தங்களைப் பகுப்பாய்வுக்கு உட்படுத்திக்கொண்டார்கள். அவர் யாரிடம் போவது? நாட்டில் அவருக்கு மூத்தவர் எவரும் இல்லை. தம்மைத் தாமே ஆராய்ந்துகொள்ள வேண்டிய நிலை. அபிஷேகப்பாக்கத்து முன்னறையில் தனித்திருக்கும் ஆலோசகரின் நிலையும் ஏறக்குறைய அதுதான்.

ஆனால் போஸ் அந்தத் தனிமையைப் பெருமையாகக் கொள்ளவில்லை. 1921 முதல் பல ஆண்டுகள் வியன்னாவிலிருந்த சிக்மண்ட் ஃப்ராய்டுக்குக் கடிதம் எழுதினார். இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை. அக்கடிதங்கள் சீடனின் துதிகள் அல்ல. ஐரோப்பிய நோயாளிகளிடம் காணப்படுவது தம் இந்திய நோயாளிகளிடம் அதே அளவில் காணப்படவில்லை என்று எழுதும் துணிவு அவருக்கு இருந்தது. மறுப்பைக் கேட்கும் பொறுமையும் இருந்தது. அதோடு அவர் வீடு அரட்டைக்கும் பெயர்பெற்றது. வங்காளத்தின் பெரும் நகைச்சுவை எழுத்தாளரான பரசுராம், அதாவது ராஜசேகர போஸ், அவருடைய அண்ணன். இவரும் குழந்தைகளுக்காகக் கதை எழுதியவர். நாளெல்லாம் பிறர் துயரைக் கேட்டவரை மாலையில் கிண்டல் செய்யவும் சிரிக்கவைக்கவும் ஆட்கள் இருந்தார்கள். மூத்தவர் இல்லாத குறையை அவர் கடிதத்தாலும் கூட்டத்தாலும் ஈடுசெய்தார் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

ஃப்ராய்டையும் இங்கே கேட்டுவிடலாம். அவர் கோட்பாடுகள் பலவற்றைப் பிற்கால அறிவியல் ஏற்கவில்லை. எனினும் தனித்தொழில் செய்தவர் என்ற முறையில் அவர் சொன்ன இரண்டு செய்திகள் இன்றும் பொருந்துகின்றன. 1913ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில், பணத்தைப் பற்றி மருத்துவர் கூச்சமின்றி வெளிப்படையாகப் பேச வேண்டும் என்றார். பண விஷயத்தில் பூசி மெழுகுகிற மருத்துவரிடம் நோயாளி தன் அந்தரங்கத்தையும் பூசி மெழுகவே கற்றுக்கொள்வார் என்பது அதன் உட்பொருள். பத்தாண்டுக் காலம் நாள்தோறும் ஓரிரு மணி நேரத்தை இலவச சிகிச்சைக்கு ஒதுக்கிப் பார்த்து, எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை என்றும் அதில் எழுதினார். கவிழ்த்து வைத்த அட்டையைக் குறித்து இதைவிடத் தெளிவாக யார் சொல்வது? ஆயின் அவர் ஏழைகளை விலக்கிவிடவில்லை. எளியோருக்கான இலவச மனநல நிலையங்கள் ஒருநாள் வந்தே தீரும் என்று 1918இல் புடாபெஸ்ட் மாநாட்டில் பேசினார். 1920இல் பெர்லினில் அத்தகைய ஒன்று தொடங்கப்பட்டது. இரண்டாவது செய்தி 1937இல் வந்தது. பகுப்பாய்வு செய்பவர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும், வெட்கப்படாமல், தாங்களே பகுப்பாய்வுக்குத் திரும்பிச் செல்ல வேண்டும் என்றார். அப்போது அவருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது. பிறர் மனத்தை ஆண்டுக்கணக்கில் கையாள்பவரை அந்த வேலையே சேதப்படுத்தும் என்பதை அவர் ஒளிக்கவில்லை.

இதெல்லாம் மேலைநாட்டுச் சரக்கு, நம் ஊர்ச் சாமியாடிக்கும் பூசாரிக்கும் யார் மேற்பார்வை செய்தார்கள் என்று எங்கள் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. நாட்டு மருத்துவ மரபுகளை உளவியல் கண்கொண்டு ஆராய்ந்த சுதிர் கக்கர் 1982இல் வெளியான தம் நூலில் அம்மரபுகளை மதிப்போடு அணுகியதை நாங்கள் அறிவோம். ஆனால் கேள்வியில் இருந்த முன்முடிவு சரியன்று. சாமியாடிக்கும் ஒழுங்கு இருக்கிறது. காப்புக் கட்டிய நாள் முதல் அவர் உண்பது, உறங்குவது, போவது, வருவது எல்லாவற்றுக்கும் கட்டு உண்டு. அதை ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது. பம்பை ஒலிக்கும்போது அவர் வாய்ச்சொல் தெய்வ வாக்கு. கற்பூரம் அணைந்து சாமி மலையேறிவிட்டால், முகம் கழுவிக்கொண்டு திண்ணையில் அமர்ந்து தேநீர் குடிப்பார். கைமாற்றுக் கேட்டால் இல்லையென்று கடுகடுப்பார். எப்போது சாமி, எப்போது சின்னசாமி என்பதில் அவருக்கும் குழப்பமில்லை, ஊருக்கும் குழப்பமில்லை.

இன்றைய ஆலோசகருக்குக் காப்பும் இல்லை, மலையேற்றமும் இல்லை. மாலையில் அறையைப் பூட்டிய பிறகும் கைபேசியில் அழைப்பு வருகிறது. அரிசி வாங்கப் போன கடையில் பக்கத்தில் நிற்பவர், நேற்று அறையில் அழுதவர். கோயில் திருவிழாவில் எதிர்ப்படுகிறவரின் மனைவி சொன்னதெல்லாம் இவருக்குத் தெரியும். இதில் எங்கே எல்லை வகுப்பது என்று ஊர் சொல்லித் தராது. இவரேதான் வகுத்தாக வேண்டும். மலையேறத் தெரியாத சாமி ஆடிய உடலை அழித்துவிடும் என்பது ஊரறிந்த உண்மை.

மற்றொரு மறுப்பு இதைவிடக் கடினமானது. தனக்கென்று ஓர் ஆலோசகர், மாதந்தோறும் மூத்தவரின் மேற்பார்வை என்பவையெல்லாம் பெருநகரத்து வசதிகள். வாடகைக்கே தடுமாறும் கிராமத்து ஆலோசகர் எங்கே போவார்? இதை அலட்சியப்படுத்திவிட முடியாது. ஆனால் இதற்கு நம் நாட்டிலேயே ஒரு விடை கிடைத்திருக்கிறது. உளவியல் பட்டமில்லாத உள்ளூர் மக்களைப் பயிற்றுவித்து ஆரம்பச் சுகாதார நிலையங்களில் ஆலோசகர்களாகப் பணியாற்றச் செய்த கோவா ஆய்வு, 2010இல் லான்செட் இதழில் வெளியானது. விக்ரம் படேலும் அவருடைய குழுவினரும் செய்த பணி அது. அதைத் தொடர்ந்த முயற்சிகளில் அந்த ஆலோசகர்கள் தங்கள் அமர்வுகளின் ஒலிப்பதிவுகளைக் குழுவாகக் கேட்டு, ஒருவரையொருவர் மதிப்பிட்டார்கள். 2014இல் வெளியான ஆய்வின்படி, அவர்களுடைய மதிப்பீடு நிபுணர்களின் மதிப்பீட்டோடு ஏற்கத்தக்க அளவில் ஒத்துப்போயிற்று. அதாவது, மூத்தவர் எப்போதும் அருகில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒத்த நிலையில் உள்ளவர்கள் நேர்மையோடு ஒருவர் வேலையை ஒருவர் கேட்டால் அதுவும் மேற்பார்வையாகும். செலவு, பேருந்துக் கட்டணமும் கொஞ்சம் அகந்தையும்.

இலக்கிய வாசகர்களாகிய நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. நல்ல நாவல்களைப் படித்தாலே மனிதர்களைப் புரிந்துகொண்டுவிடலாம் என்று நாங்கள் தோழியிடம் பலமுறை சொல்லியிருக்கிறோம். பட்டியல்கூடப் போட்டுக் கொடுத்தோம். படித்தார், பயன்பட்டது என்றும் சொன்னார். பிறகு மெல்லச் சொன்னார்: "நாவல் என்னைத் திருப்பிக் கேள்வி கேக்காதே." உண்மைதான். நூலில் ஒரு பாத்திரத்தின்மேல் நாம் கொள்ளும் இரக்கத்துக்கு விலை எதுவும் இல்லை; நூலை மூடிவிடலாம். நம் இரக்கத்தில் எவ்வளவு தற்பெருமை கலந்திருக்கிறது என்பதை எடுத்துச் சொல்ல எதிரில் ஓர் ஆள் வேண்டும்.

தோழி அதன்பின் செய்தவை எளியவை. பதினைந்து நாளுக்கொருமுறை நகரத்திலுள்ள மூத்த ஆலோசகர் ஒருவரிடம் சென்று, தாமும் கட்டணம் செலுத்தி, எதிர் நாற்காலியில் அமர்கிறார். முதல் தடவை அந்த வாசலில் செருப்பைக் கழற்றும்போது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாராம். தம்மிடம் வருகிறவர்களை அன்றுதான் முழுமையாகப் புரிந்துகொண்டதாகச் சொன்னார். கடலூர், விழுப்புரம் பக்கங்களில் தனித்தொழில் செய்யும் மூவரோடு மாதத்தில் ஒரு ஞாயிறு கூடுகிறார். பெயரும் ஊரும் நீக்கி, தங்கள் தடுமாற்றங்களை மட்டும் பேசிக்கொள்கிறார்கள். கட்டண அட்டை இப்போது நிமிர்ந்திருக்கிறது. அதன் கீழே, இயலாதவர்களுக்கென்று வாரத்தில் இரண்டு அமர்வுகள் ஒதுக்கப்பட்டிருப்பதும் எழுதப்பட்டிருக்கிறது. ஈகை இருக்கிறது, ஆனால் அளவோடு, கணக்கோடு, கண்ணுக்குத் தெரியும்படி இருக்கிறது. மருந்து தேவைப்படும் என்று தோன்றினால் முதல் நாளே மனநல மருத்துவரிடம் அனுப்புகிறார். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416ஐச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார். இரவில் ஒருவருக்குத் துணை தேவைப்பட்டால் அது தாமாகவே இருக்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டதன் அடையாளம் அது என்றார்.

வருமானம் கூடியதா என்று கேட்பவர்கள் உண்டு. சிறிது காலம் குறைந்தது. இப்போது வாடகையில்லாத வீட்டில் குடும்பத்துக்குத் தம் பங்கைத் தரும் அளவுக்கு இருக்கிறது. இதை ஒரு வெற்றிக் கதையாக நாங்கள் சொல்லவரவில்லை. தனித்தொழில் தொடங்கும் இளம் ஆலோசகர்களுக்குப் பலகை செய்யவும் துண்டறிக்கை அச்சிடவும் வழிசொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நாங்களும் அந்த ஆயிரத்தில் சேர்ந்திருந்தோம். அதற்காக வருந்துகிறோம். முதல் மாத வாடகையை ஒதுக்கிவைக்கும்போதே, தான் சென்று அமர்வதற்கான நாற்காலிக்கும் ஒரு தொகையை ஒதுக்குங்கள் என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒன்று சொல்லி முடிக்கிறோம். உங்களுக்கோ உங்களைச் சேர்ந்தவர்களுக்கோ ஓர் ஆலோசகரைத் தேட நேர்ந்தால், அவருடைய பட்டத்தைக் கேளுங்கள், கட்டணத்தைக் கேளுங்கள். அதோடு, தயங்காமல் இதையும் கேளுங்கள்: "நீங்க யார்கிட்டப் போறீங்க?" கேள்வியால் அவர் புண்பட்டால் யோசியுங்கள். ஒரு பெயரையோ, ஒரு நாளையோ, ஒரு பேருந்துப் பயணத்தையோ அவர் சொன்னால், உள்ளே போய் அமருங்கள். செருப்பை எங்கே விடுவது என்று அவரே சொல்வார்.